கைக்கு இதமாக, பைக்கு அடக்கமாக: டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரிங் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “எந்த பிராண்ட் நல்லது?” என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பொருள், அடுத்து டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்), பிறகு தடிமன் என்று வரிசையாகத் தீர்மானித்துக்கொண்டு வந்தால் பிராண்ட் தானாகவே இரண்டு மூன்று பெயர்களுக்குள் சுருங்கிவிடும். தலைகீழாகப் போனால் டிவியில் பார்த்த வீரரின் ஸ்ட்ரிங்கை வாங்கி, ஒரு மாதத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் டபுள்ஸ் ஆடுகிறவரை மனதில் வைத்து எழுதியது இது. தினமும் பயிற்சி எடுக்கும் இளம் ஆட்டக்காரர்களுக்கு 2-ம் பகுதியும் 7-ம் பகுதியும் முக்கியம்.

தொடங்கும் முன்

கடைக்குப் போவதற்கு முன் நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ராக்கெட்டின் மாடல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள், கடைசியாக ஸ்ட்ரிங் மாற்றியது எப்போது, கையில் எங்கேயாவது வலி இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் எழுதுங்கள். “லேசாகத்தான் வலிக்கிறது” என்பதும் வலிதான்.

கடையில் ஏற்கெனவே ஸ்ட்ரிங் போட்டு விற்கும் ராக்கெட்டை வாங்கியிருந்தால், அந்த ஸ்ட்ரிங்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அது மலிவான நைலான். மாதக்கணக்கில் அலமாரியில் தொங்கி டென்ஷனும் போயிருக்கும். “இந்த ராக்கெட் எனக்கு ஒத்துவரவில்லை” என்று விற்றுவிடுகிறவர்களில் பலருக்கு ஒத்துவராதது ராக்கெட் அல்ல, அந்த ஸ்ட்ரிங்தான்.

1. ராக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்கு மேலே ஃபிரேம் இரண்டாகப் பிரியும் இடத்தில், உட்புறம் சின்ன எழுத்தில் மூன்று தகவல்கள் இருக்கும். தலையின் பரப்பு (100 சதுர அங்குலம் என்பதுபோல), ஸ்ட்ரிங் பேட்டர்ன் (16/19 அல்லது 18/20), டென்ஷன் வரம்பு (50–60 பவுண்டு என்பதுபோல). போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கிரிப் தேயத் தேய இந்த எழுத்தும் தேய்ந்துவிடும்.

பேட்டர்னில் முதல் எண் மெயின், அதாவது நெடுக்காக ஓடும் ஸ்ட்ரிங். இரண்டாவது கிராஸ், குறுக்காக ஓடுவது. 16/19-இல் கட்டங்கள் அகலமாக இருப்பதால் ஸ்ட்ரிங் தாராளமாக நகரும். தொடுகை மென்மையாக இருக்கும், ஸ்ட்ரிங் சீக்கிரம் தேயும். 18/20-இல் கட்டங்கள் நெருக்கம். அதே ஸ்ட்ரிங், அதே டென்ஷன் என்றாலும் தட்டு (ஸ்ட்ரிங் பின்னிய பரப்பு) விறைப்பாகத் தெரியும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். 16/19 வைத்திருக்கும் நண்பரின் டென்ஷனை 18/20-இல் அப்படியே போட்டுவிட்டு “கட்டையால் அடிப்பதுபோல் இருக்கிறது” என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஃபிரேமின் விறைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ராக்கெட்டில் பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். மாடல் பெயரை வைத்து இணையத்தில் தேடினால் ஆர்ஏ என்ற எண் கிடைக்கும். 60-ஐ ஒட்டியிருந்தால் வளைந்துகொடுக்கும் ஃபிரேம். 70-ஐ ஒட்டியிருந்தால் விறைப்பானது. பந்து படும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் வேலை முழுவதும் ஸ்ட்ரிங்கின் தலையில் விழும். அப்படிப்பட்ட ஃபிரேமில் விறைப்பான ஸ்ட்ரிங்கையும் போட்டால் மிச்சம் இருப்பது உங்கள் கைதான்.

இதே வேளையில் ஃபிரேமின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் குரோமெட்டுகளைப் பாருங்கள். ஸ்ட்ரிங் நுழையும் சின்னக் குழாய்களில் ஏதாவது பிளந்திருந்தால், ஸ்ட்ரிங் நேராக கிராஃபைட் விளிம்பில் உரசி, தலையின் ஓரத்திலேயே அறுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து ஸ்ட்ரிங் வாங்கினாலும் இதற்குத் தீர்வு ஆகாது. குரோமெட்டை முதலில் மாற்றுங்கள்.

2. எத்தனை மணி நேரத்தில் அறுகிறது என்று கணக்குப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாரத்துக்கு நாலரை மணி நேரம் ஆடுகிறீர்கள், ஸ்ட்ரிங் ஏழு வாரத்தில் அறுந்தது என்றால் அதன் ஆயுள் சுமார் 31 மணி நேரம். இந்த எண்தான் உங்களுக்கு எந்தப் பொருள் வேண்டும் என்பதைச் சொல்கிறது.

நைலான் ஸ்ட்ரிங் மூன்று மாதமாகியும் அறுந்ததே இல்லை என்றால், பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை (எல்லோரும் ‘பாலி’ என்பார்கள்) பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பாலி பிரபலமானது வேகமாக, நிறைய சுழலோடு (ஸ்பின்) அடித்து, மற்ற ஸ்ட்ரிங்கைச் சில மணி நேரத்தில் அறுத்துவிடுகிறவர்களால்தான். அறுக்காதவர் அதன் விறைப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

20 முதல் 30 மணி நேரத்துக்குள் அறுகிறது என்றால் இன்னும் நைலான் குடும்பத்திலேயே இருக்கலாம். கொஞ்சம் தடிமனாகப் போனால் போதும். 10 மணி நேரத்துக்குள் அறுகிறது என்றால் 7-ம் பகுதியில் சொல்லும் கலவை முறைக்கு வாருங்கள்.

எங்கே அறுந்தது என்பதையும் பாருங்கள். தட்டின் நடுவில் மெயின் அறுந்திருந்தால் அது நியாயமான தேய்மானம்: சுழல் கொடுக்கும்போது மெயின் கிராஸின் மேல் ரம்பம்போல் முன்னும் பின்னும் ஓடித் தன்னைத் தானே அறுத்துக்கொள்கிறது. ஃபிரேமின் மேல் விளிம்பை ஒட்டி அறுந்திருந்தால் பந்து ஓரத்தில் பட்டிருக்கிறது, அல்லது குரோமெட் உடைந்திருக்கிறது. அந்த அறுப்பை உங்கள் மணிக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

பெயரில் ‘கட்’ (gut, அதாவது குடல்) என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிந்தெடிக் கட் என்பது முழுக்க நைலான். நடுவில் ஒரு கெட்டியான இழை, அதைச் சுற்றி மெல்லிய இழைகள். நேச்சுரல் கட் மட்டும்தான் உண்மையான குடல். மாட்டுக் குடலின் மேல்சவ்வை முறுக்கிச் செய்வது. சைவம் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிந்தெடிக் கட்டில் தொடங்குங்கள். நல்ல நிறுவனங்களின் ஸ்ட்ரிங்குகளில் விலை குறைந்தது இதுதான். பாலியைவிட மென்மை, டென்ஷனும் ஓரளவு நிற்கும். பிரின்ஸ் சிந்தெடிக் கட் டியூராஃப்ளெக்ஸ், கோசன் ஓஜி ஷீப் மைக்ரோ இரண்டும் பல வருடங்களாக நிலைத்து நிற்கும் பெயர்கள். (ஷீப் என்று பெயர் இருந்தாலும் ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதுவும் நைலான்தான்.) முதலில் இதைப் போட்டு ஆடினால்தான் பிறகு போடும் எதையும் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். நேராக விலை உயர்ந்ததற்குப் போகிறவர்களுக்கு அந்த அளவுகோல் இல்லாமல் போய்விடுகிறது.

கையில் வலியோ, பழைய வலியின் மிச்சமோ இருந்தால் மல்டி ஃபிலமென்ட் போடுங்கள். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து பாலியூரித்தேனால் ஒட்டிய ஸ்ட்ரிங் இது. அந்த இழைகள் சேர்ந்து இழுபட்டுச் சுருங்குவதால் அதிர்ச்சி கைக்கு மெதுவாக வந்து சேர்கிறது. ஹெட் வெலாசிட்டி எம்எல்டி, வில்சன் சென்சேஷன் ஆகியவை இந்த வகையில் விலை குறைந்தவை. வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ் ஆகியவை கூடுதல் விலை. முதலில் மலிவானதைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

மல்டியின் குறை, அது பஞ்சுபோல் பிரிவது. சில வாரங்களில் தட்டின் நடுவில் வெள்ளை நார்கள் எட்டிப் பார்க்கும். அது பழுதில்லை, அதன் இயல்பு. பிரியத் தொடங்கிய பிறகும் பல மணி நேரம் ஆடலாம். நாரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

நேச்சுரல் கட்டைப்போல மென்மையாகவும், டென்ஷனை நீண்ட நாள் பிடித்து வைப்பதாகவும் வேறு எதுவும் இல்லை. பாபோலட் விஎஸ் இதில் தெரிந்த பெயர். விலை சிந்தெடிக் கட்டைப்போல் பல மடங்கு. ஈரம் இதற்கு ஆகாது: மழைத்தூறலில் ஆடினாலோ, ஈரத் துண்டோடு பையில் போட்டு வைத்தாலோ உப்பிப் பிரியும். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இதைப் புதிதாகப் போட வேண்டாம்.

பாலி ஒரே கெட்டி இழை. இது வழுக்கும் என்பதால் மெயின் பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று திரும்பி வரும். அதனால்தான் சுழல் கூடுகிறது. ஆனால் முழு வேகத்தில் மட்டையை வீசினால்தான் அது நடக்கும். பாபோலட் ஆர்பிஎம் பிளாஸ்ட், லக்ஸிலான் அலு பவர் எல்லாம் இந்த வகை. பாலியிலேயே மென்மையானது வேண்டும் என்றால் யோனெக்ஸ் பாலிடூர் ப்ரோவைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளின் ராக்கெட்டில் பாலி போடாதீர்கள். எலும்பும் தசைநாரும் முற்றாத கைக்கு அந்த விறைப்பு தேவையே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடிக்கும் வேகத்துக்கு அதில் பலனும் இல்லை.

கெவ்லார் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருப்பதிலேயே விறைப்பானது அது.

4. விலையை மணிக்கணக்கில் போடுங்கள்

பாக்கெட் விலையை மட்டும் பார்ப்பதுதான் செலவைக் கூட்டும் பிழை. ஸ்ட்ரிங் விலையோடு கட்டுக்கூலியையும் சேர்த்து, அது நன்றாக இருக்கும் மணி நேரத்தால் வகுங்கள். அறுவது வரைக்கும் என்று எண்ணாமல், நன்றாக இருப்பது வரைக்கும் என்று எண்ண வேண்டும். பாலியில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு: 10 முதல் 15 மணி நேரத்தில் அதன் துள்ளல் செத்துவிடும், ஆனால் அறாமல் மாதக்கணக்கில் நிற்கும்.

கணக்குப் புரிவதற்காகச் சில எண்கள் தருகிறேன். உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூலி 250 ரூபாய் என்று வையுங்கள். 500 ரூபாய் சிந்தெடிக் கட் 30 மணி நேரம் வந்தால் மணிக்கு 25 ரூபாய். 1,500 ரூபாய் மல்டி அதே 30 மணி நேரம் என்றால் மணிக்கு 58 ரூபாய். 1,000 ரூபாய் பாலி 12 மணி நேரத்தில் செத்துவிட்டால் மணிக்கு 104 ரூபாய். 4,500 ரூபாய் நேச்சுரல் கட் 60 மணி நேரம் தாக்குப்பிடித்தால் மணிக்கு 79 ரூபாய்.

“அறவே அறாது, அதனால் மிச்சம்” என்று பாலி வாங்குகிறவர் உண்மையில் இருப்பதிலேயே அதிகம் செலவு செய்கிறார். இல்லையென்றால் செத்த ஸ்ட்ரிங்கோடு ஆறு மாதம் ஆடுகிறார். அந்தச் செலவு பிசியோதெரபியில் வந்து நிற்கும். நேச்சுரல் கட் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாளே பந்து ஓரத்தில் பட்டு அறுந்தால் 4,750 ரூபாயும் போயிற்று. அடிக்கடி ஓரத்தில் அடிக்கிறவர் அதைத் தள்ளிப்போடுவது நல்லது.

உண்மையான மிச்சம் ரீலில் இருக்கிறது. ஒரு பாக்கெட் 12 மீட்டர். 200 மீட்டர் ரீலில் 16 முறை போடலாம். பாக்கெட்டாக வாங்குவதைவிட ஒவ்வொரு முறைக்கும் கணிசமாகக் குறையும். ஒரே சிந்தெடிக் கட்டில் குறைந்தது மூன்று முறை ஆடி, அதுதான் வேண்டும் என்று தெரிந்த பிறகு, கூட ஆடும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் ரீல் வாங்குவது மலிவு ஆகாது. வாங்கியதை வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.

5. டென்ஷனை முடிவு செய்யுங்கள்

டென்ஷன் கூடினால் பந்து ஆழம் குறைந்து விழும், தட்டு விறைக்கும், கைக்கு அதிர்ச்சி கூடும். குறைந்தால் பந்து தானாகவே நீளமாகப் போகும், தொடுகை மென்மையாகும். இதைத் தலைகீழாக நம்புகிறவர்கள் நிறைய: “இறுக்கிக் கட்டினால் பவர் வரும்” என்று 60 பவுண்டு கேட்பார்கள். இறுக்கினால் பவர் குறையும். ஸ்ட்ரிங் நன்றாக உள்வாங்கினால்தான் பந்தைத் திருப்பித் தள்ளும்.

ஃபிரேமில் 50–60 என்று இருந்தால் நைலானுக்கும் மல்டிக்கும் 53-இல் தொடங்குங்கள். கை வலி இருந்தால் 50. பேட்டர்ன் 18/20 என்றால் இன்னும் 2 பவுண்டு குறையுங்கள். பாலியாக இருந்தால் 46 முதல் 48. நைலானுக்குப் போட்ட அதே எண்ணைப் பாலிக்கும் போடுவது கையைக் கெடுக்கும் பிழைகளில் முதலாவது. நேச்சுரல் கட்டை 55 வரை கொண்டுபோகலாம். அது அவ்வளவு நெகிழ்ச்சியானது.

அலகைச் சொல்ல மறக்காதீர்கள். சில மிஷின்களில் கிலோ, சிலவற்றில் பவுண்டு. 53 பவுண்டு என்பது 24 கிலோ. பேட்மின்டன் ராக்கெட்டுகளே அதிகம் வரும் கடையில் 24 என்பது பவுண்டுக்கணக்கில் தினமும் புழங்கும் எண். நீங்கள் வெறுமனே “24” என்று சொல்லிவிட்டு வந்தால் குழப்பத்துக்கு வழி விட்டதாக ஆகும்.

பிறகு மாற்றுவதானாலும் ஒரு முறைக்கு 2 பவுண்டுதான். ஐந்தாறு பவுண்டு ஒரேயடியாக மாற்றினால் உங்கள் வீச்சும் சேர்ந்து மாறிவிடும். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

6. தடிமனை மில்லிமீட்டரில் கேளுங்கள்

கேஜ் எண் கூடக் கூட ஸ்ட்ரிங் மெலியும். 16 கேஜ் சுமார் 1.30 மில்லிமீட்டர், 17 கேஜ் சுமார் 1.25. ஆனால் ஒரு நிறுவனத்தின் 17 இன்னொன்றின் 16-ஐ ஒட்டி வரலாம். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

முதல் முறை 1.30 போடுங்கள். 40 மணி நேரம் தாண்டியும் அறவில்லை என்றால் அடுத்த முறை 1.25, தொடுகை கொஞ்சம் துடிப்பாக இருக்கும். 1.20-க்குக் கீழே போவது சௌகரியத்துக்கும் பணத்துக்கும் உதவாது.

செம்மண் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் 1.30-லேயே நில்லுங்கள். மண்துகள் ஸ்ட்ரிங்குகள் குறுக்கிடும் இடங்களில் உட்கார்ந்து உப்புத்தாள்போல் அரைக்கும்.

7. அடிக்கடி அறுக்கிறவர்களுக்கு: கலவை

மெயினில் ஒன்று, கிராஸில் வேறொன்று போடுவதை ஹைப்ரிட் என்பார்கள். தட்டின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது மெயின்தான். அதனால் சௌகரியம் வேண்டுகிறவர் மென்மையானதை மெயினில் போட வேண்டும். ரோஜர் ஃபெடரர் பல வருடம் ஆடியது இந்த முறையில்தான்: மெயினில் நேச்சுரல் கட், கிராஸில் லக்ஸிலான். சிக்கனமாக அதையே மெயினில் சிந்தெடிக் கட் அல்லது மல்டி 1.30, கிராஸில் வழவழப்பான உருண்டைப் பாலி 1.25 என்று செய்யலாம். மெயின் 52 பவுண்டு, கிராஸ் 48 அல்லது 49.

உருண்டை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐங்கோணம், எண்கோணம் என்று முனைகள் வைத்த பாலியைக் கிராஸில் போட்டால் அந்த முனைகள் மெயின் நைலானைச் சில மணி நேரத்தில் அறுத்துவிடும். வழவழப்பான பாலியின் மேல் மெயின் வழுக்கிக்கொண்டு ஓடுவதால் பள்ளம் விழுவது தாமதமாகும். ஆயுள் கூடுவது இதனால்தான்.

பாலியை மெயினில், மல்டியைக் கிராஸில் போடுவதும் உண்டு. அதில் ஆயுளும் சுழலும் கூடும், ஆனால் தொடுகை பாலிப் பக்கமே சாயும். முழு வேகத்தில் அடிக்கும் கல்லூரி அணி ஆட்டக்காரருக்கு அது சரி.

ஒரு ராக்கெட்டுக்கு ஒவ்வொரு வகையிலும் பாதிப் பாக்கெட்டான 6 மீட்டர் போதும். அதனால் வகைக்கு ஒன்றாக இரண்டு பாக்கெட் வாங்கினால் இரண்டு முறை போடலாம். மிச்சப் பாதியைச் சுருட்டி, பெயரும் தடிமனும் எழுதி வையுங்கள்.

8. கடையில் என்ன சொல்ல வேண்டும்

நம் ஊர்க் கடைகளில் ஸ்ட்ரிங் போடும் வேலைக்குக் ‘கட்டிங்’ (gutting; வெட்டுவது அல்ல) என்று பெயர். “கட்டிங் போடுங்க, நல்லதா பார்த்து” என்று மட்டும் சொன்னால் கடையில் எது மிஞ்சியிருக்கிறதோ அதுதான் வரும். இப்படிச் சொல்லுங்கள்: “சிந்தெடிக் கட் 1.30, மெயின், கிராஸ் ரெண்டும் 53 பவுண்டு, ப்ரீ-ஸ்ட்ரெச் வேண்டாம்.” முன்கூட்டி இழுத்துவிட்டால் டென்ஷன் இறங்குவது குறையும், ஆனால் நெகிழ்ச்சியும் குறையும். நாம் பணம் கொடுப்பதே அந்த நெகிழ்ச்சிக்குத்தான்.

மிஷின் எந்த வகை என்று கேளுங்கள். கைப்பிடியைச் சுற்றி இழுத்து, குறித்த எண் வந்ததும் பூட்டிக்கொள்வது ஒரு வகை. பூட்டிய நொடியிலிருந்து ஸ்ட்ரிங் தளரத் தொடங்கும். அதைத் திரும்ப இழுக்காது. மின்சார மிஷினும், எடைக்கல் தொங்கும் மிஷினும் கவ்வியைப் போடும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே 53 பவுண்டு என்றாலும் இரண்டாவது வகையில் தட்டு சில பவுண்டு இறுக்கமாக வரும். கடை மாறியதும் “இந்த முறை கல்லு மாதிரி இருக்கு” என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை 2 அல்லது 3 பவுண்டு குறைத்துச் சொன்னால் போதும். ஒரே கடை, ஒரே ஆள், ஒரே மிஷின் என்று வைத்துக்கொள்வது விலை உயர்ந்த ஸ்ட்ரிங்கைவிடப் பலன் தரும்.

ராக்கெட்டைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே மூன்று இடம் பாருங்கள். கிராஸ் ஒவ்வொன்றும் மெயினுக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போகிறதா. எங்கேயாவது இரண்டு முறை ஒரே பக்கம் போயிருந்தால் பின்னல் தப்பு. முடிச்சுகள் குரோமெட்டை ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றனவா. தலை முன்பிருந்த வடிவத்திலேயே இருக்கிறதா. உருண்டையாகவோ நீளமாகவோ மாறியிருந்தால் ஃபிரேமை மிஷினில் சரியாகப் பிடிக்கவில்லை.

பிறகு சின்ன ஸ்டிக்கரில் தேதி, ஸ்ட்ரிங், தடிமன், டென்ஷன் எழுதி ராக்கெட் கழுத்தின் உட்புறம் ஒட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள் மூன்றாவது முறை ஸ்ட்ரிங் மாற்றும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

9. போட்ட பிறகு: முதல் மூன்று ஆட்டம்

எந்த ஸ்ட்ரிங்கும் முதல் 24 மணி நேரத்தில் டென்ஷன் கணிசமாக இறங்கும். முடிந்தால் ஒரு நாள் விட்டு ஆடுங்கள். முதல் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு கேள்விகள். பந்து அடிக்கடி பேஸ்லைனைத் தாண்டுகிறதா? ஆம் என்றால் அடுத்த முறை 2 பவுண்டு கூட்டுங்கள். மறுநாள் காலையில் குளிக்கும் வாளியைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்புறம் சுள்ளென்கிறதா? ஆம் என்றால் 2 பவுண்டு குறையுங்கள், அல்லது மல்டிக்கு மாறுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் கையின் பேச்சைக் கேளுங்கள்: மல்டிக்கு மாறி, டென்ஷனை அப்படியே விடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

ஸ்ட்ரிங்கில் செருகும் ரப்பர் டேம்பனர் ‘டிங்’ என்ற ஓசையை அடக்கும், அவ்வளவுதான். ஃபிரேமிலிருந்து கைக்கு வரும் அதிர்ச்சியை அது தடுக்காது. ஓசை பிடிக்கவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு மருந்தாக நம்ப வேண்டாம். மென்மையான ஸ்ட்ரிங் போட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கும் முறை, கிரிப்பின் பருமன், ஓய்வு என்று பல காரணங்கள் சேர்ந்துதான் அந்த வலி வருகிறது. ஸ்ட்ரிங் அதில் ஒரு பங்கு.

வெயிலில் பூட்டிய காரில் ராக்கெட்டை விட்டுவைக்காதீர்கள். சித்திரை மதியம் ஒன்று போதும், டென்ஷன் இறங்கிவிடும்; இறங்கியது திரும்ப ஏறாது.

10. எப்போது வெட்டுவது, எப்படி வெட்டுவது

வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை முறை மாற்றுங்கள். குறைந்தது இரண்டு முறை. நைலானுக்கும் மல்டிக்கும் இந்தப் பழைய கணக்கு சரிவரும். பாலிக்குச் சரிவராது. அதை 15 மணி நேரத்தில் வெட்டுங்கள், பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும்.

கண்ணால் பார்த்தும் சொல்லலாம். தட்டின் நடுவில் ஒரு மெயினை நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள். கிராஸ் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அது ஸ்ட்ரிங்கின் பாதி ஆழத்தை எட்டியிருந்தால் இன்னும் ஓரிரு ஆட்டம்தான்; போட்டி இருந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நைலான் அடித்த பிறகு கோணலாக நிற்பது சகஜம், விரலால் நேராக்கிக்கொள்ளலாம். பாலி அப்படிக் கோணலாகவே நின்றால் அதன் கதை முடிந்தது.

ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் மீதியையும் அன்றைக்கே, முடிந்தால் கோர்ட்டிலேயே வெட்டுங்கள். ஒரு பக்கம் இழுவிசை போய் மறுபக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கி, ஒரு மெயின், ஒரு கிராஸ் என்று மாறி மாறி, குறுக்கும் நெடுக்கும் சேரும் இடங்களில் மூலைவிட்டமாக வெளியே போங்கள். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போக வேண்டாம். வெட்டும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு மூன்று ஸ்ட்ரிங் சுண்டிவிட்டதுபோல் தெறிக்கும். துண்டுகளைக் குரோமெட்டிலிருந்து வெளியே இழுக்கும்போது முடிச்சு இருக்கும் பக்கமாக இழுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் முடிச்சு குரோமெட்டைப் பிளந்துகொண்டு வரும். அடுத்து போடும் புது ஸ்ட்ரிங் அந்த இடத்தில்தான் அறும்.